அடுத்த வருசம் பாப்பம்

நவம்பர் 2, 2025, ஞாயிற்றுக்கிழமை. விடியப்புறம் ஐந்தரைக்கே நாங்கள் மூன்று பேரும் எழும்பி, குசினி மேசையில் சீனிப் போத்தலோடு ஃபோனைச் சாத்தி நிமிர்த்திவிட்டு இருந்தோம். அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்ன, சோதினை ஏதும் இருக்கோ?" என்று கேட்டா. சோதினைக்கே இந்த நேரத்துக்கு எழும்பாத ஆக்கள் நாங்கள்.

ரொறன்ரோவில் அப்போது சனி இரவு எட்டு மணி. வேர்ல்ட் சீரீஸின் ஏழாவது மட்ச். முதலில் நான்கு மட்சை வெல்கிற அணிக்குத்தான் கிண்ணம். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் மூன்று, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் மூன்று. ஆக, இதில் வெண்டவன் வெண்டவன்தான். அந்தக் கிழமை முழுக்க எங்கட வீட்டில் நேரமே குழம்பிப் போயிருந்தது. மூன்றாவது மட்ச் எங்களுக்குக் காலைத் தேத்தண்ணியோடு தொடங்கி, மத்தியானம் சோறு போட்டுச் சாப்பிடுகிற நேரத்தில்தான் முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய விளையாட்டு 18 இன்னிங்ஸ் போனது. எங்களில் ஒருத்தி அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போய், பஸ் பிந்திவிட்டது என்று பொய் சொன்னாள்.

ஏழாவது மட்சில் மூன்றாம் இன்னிங்ஸில் பிஷெட் அடித்த ஹோம் ரன்னுக்கு ரொறன்ரோவுக்கு மூன்று ஓட்டம். நாங்கள் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸ் வரும்போது நாலுக்கு மூன்று. இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் கிண்ணம். அந்த இடத்தில் மிகெல் றோஹாஸ் என்கிறவர், அடிக்கிறதுக்காக அணியில் வைத்திருக்கிற ஆளே இல்லை, பந்தைத் தூக்கிக் காட்சிக்கூடத்துக்குள் போட்டார். நாலுக்கு நாலு. அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் ரொறன்ரோவுக்கு மூன்று பேஸிலும் ஆள். ஒரே ஒரு ஓட்டம் போதும். வீட்டுத் தட்டுக்கு ஓடி வந்தவர் ஒரு பாதத்தின் நீளம்கூட இல்லாத தூரத்தில் ஆட்டமிழந்தார். 11ஆவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன். ஐந்துக்கு நாலு. முடிஞ்சுது. டொட்ஜர்ஸுக்குக் கடைசியாகப் பந்தெறிந்த யமமோட்டோ முதல் நாள் இரவுதான் ஆறு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு வந்தவர். மனுசன்தானோ எண்டு இருந்தது.

ஸ்காபுரோவிலிருந்து சித்தப்பாவின் வட்ஸப் வந்தது. மூன்றே சொல்லு: "அடுத்த வருசம் பாப்பம்."

அந்த வசனத்தை வைத்துத்தான் இதை எழுத இருந்தோம்.

சித்தப்பா 1992இல் கனடாவுக்குப் போனவர். போன முதல் இரண்டு வருடமும் ரொறன்ரோ கிண்ணம் வென்றது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற ஒரு அணி வேர்ல்ட் சீரீஸ் வென்றது 1992இல்தான் முதல் தடவை. அப்போது அவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் இரவு வேலை, சட்டி கழுவுகிறது. கிரிக்கெட்டும் உதைபந்தும் தெரியும். பேஸ்போல் தெரியாது. அக்டோபர் 23, 1993 இரவு, குசினி ரேடியோவில் யாரோ கத்த, சமையல்காரர் கையில் கரண்டியோடு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாராம். ஜோ கார்ட்டர் என்பவர் அடித்த ஹோம் ரன். ஐந்துக்கு ஆறு என்று பின்னுக்கு நின்ற அணியை எட்டுக்கு ஆறு என்று முன்னுக்குக் கொண்டுபோய், ஒரே அடியில் மட்சையும் கிண்ணத்தையும் முடித்த அடி. வேர்ல்ட் சீரீஸ் ஒரு ஹோம் ரன்னோடு முடிந்தது அதற்கு முன்னம் ஒரே ஒருக்கால்தான், 1960இல் பிற்ஸ்பேர்க்கின் மஸரோஸ்கி அடித்தது. இதெல்லாம் சித்தப்பாவுக்குப் பிறகுதான் தெரியும். வேலை முடிந்து யங் வீதிக்கு வந்தால் தெரு நிறையச் சனம். "அந்த ஊரில முன்பின் தெரியாத ஆக்கள் என்னைப் பாத்துச் சிரிச்சது அண்டைக்குத்தானடா" என்று சொல்லுவார். எங்களுக்கு அவர் சொன்ன பேஸ்போல் கதைகளிலேயே அதுதான் பெரிசு.

அந்த வருடம் அவர் அப்பம்மாவுக்கு எழுதின கடிதம் இன்னும் வீட்டில் இருக்கிறது. பேப்பர் சரிவந்தவுடனே வாறன், அடுத்த வருசம் பாப்பம் என்று எழுதியிருக்கிறார். 1994இலும் அதுதான். பேப்பர் சரிவந்த பிறகு காசு சரிவரவில்லை. 2002இல் பாதை திறந்தது. வெளியில இருந்த ஆக்கள் எல்லாம் வந்து போச்சினம். கொமினிகேசனுக்குக் கூட்டிக்கொண்டு போய் அப்பம்மாவின் காதில் ஃபோனை வைத்தால், அங்கே இருந்து அதே வசனம். 2006இல் பாதை பூட்டியாயிற்று. 2007இல் அப்பம்மா செத்துப்போனா. சித்தப்பா வந்தது 2012இல். வரும்போது எங்களுக்கு நீலக் குருவி போட்ட மூன்று தொப்பியும் ஒரு தோல் கையுறையும் கொண்டுவந்தார். அந்தக் கையுறையை நாங்கள் இரண்டு வருடம் விக்கெற் காப்புக்குப் பாவித்தோம். அது ஒரு கைக்கு மட்டும்தான் என்பது எங்களுக்குப் பெரிய குறையாக இருந்தது. சித்தப்பா விறாந்தையில் இருந்து பேஸ்போலை விளங்கப்படுத்தினார். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தடி, பந்து, சுத்தி ஓடுறது. இது எங்கட எல்லேதானே" என்று எழும்பிப் போனார்.

எங்களுக்கு விளையாட்டைவிட அதன் பழைய கதைகளில்தான் கிறுக்குப் பிடித்தது. முதல் கேள்வி எல்லோருக்கும் வருகிறதுதான்: வெறும் 30 அணி, அதில் 29 அமெரிக்காவில, ஒண்டு கனடாவில. இதுக்கு ஏன் உலகம் எண்டு பேர்? "வேர்ல்ட்" என்ற பேரில் நியூயோர்க்கில் ஒரு பத்திரிகை இருந்தது, அது நடத்தின போட்டி என்றபடியால் அந்தப் பேர் வந்தது என்று ஒரு விளக்கம் சுற்றித் திரிகிறது. நாங்களும் கொஞ்சக் காலம் அதை மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தோம். பொய்க் கதை. 1880களிலேயே அவர்கள் உலக சாம்பியன் தொடர் என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துவிட்டார்கள். விண்ணாணம்தான், வேறொன்றும் இல்லை.

காசு வாங்கி விளையாடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் அணி 1869இல் சின்சினாட்டி. நஷனல் லீக் 1876இல் தொடங்கியது. அதற்குப் போட்டியாக அமெரிக்கன் அசோஸியேஷன் வந்த பிறகு, 1884 தொடக்கம் 1890 வரை இரண்டு பக்கத்து முதலாம் இடங்களும் மோதின. இந்த ஏழு வருடக் கதை எங்களுக்கு மிகவும் நெருக்கமானது. ஏனென்றால் அப்படியே எங்கட ஊர்க் கழகச் சுற்றுப்போட்டிதான். 1885இல் சிக்காகோவும் சென்ற் லூயிஸும் விளையாடுகின்றன. நடுவரின் தீர்ப்புப் பிழை என்று சென்ற் லூயிஸ் தலைவர் சார்ள்ஸ் கொமிஸ்கி தன்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டார். அந்த மட்ச் சிக்காகோவுக்கு. கடைசியில் மூன்றுக்கு மூன்று, ஒன்று சமநிலை. வெளியேறின மட்சைச் சேர்க்கக் கூடாது, ஆகவே நாங்கள்தான் வெண்டனாங்கள் என்று சென்ற் லூயிஸ் சொல்ல, அதெப்படி என்று சிக்காகோ சொல்ல, அது இன்றுவரைக்கும் அப்படியே கிடக்கிறது. 1887இல் 15 மட்ச். ஊர் ஊராக ரயிலில் போய் விளையாடினார்கள். 11ஆவது மட்சிலேயே டிற்றொயிற் வென்றாயிற்று. ஆனாலும் நாலு மட்ச் மிச்சம் இருக்கிறதே, ரிக்கற் விற்கலாமே என்று 15ஐயும் விளையாடி முடித்தார்கள்.

கொமிஸ்கி என்ற பேரை ஞாபகம் வைத்திருங்கள். திரும்ப வருவார்.

இப்போது இருக்கிற வேர்ல்ட் சீரீஸ் 1903இல் தொடங்கியது. அமெரிக்கன் லீக் என்ற புதிய லீக் பழைய லீக்கின் விளையாட்டுக்காரர்களைக் காசு கொடுத்து இழுத்து, இரண்டும் சண்டை பிடித்து, களைத்து, சமாதானமாகின வருடம். பிற்ஸ்பேர்க், பொஸ்ரன் இரண்டு அணியின் உரிமையாளர்களும் தங்களுக்குள் பேசி ஒழுங்கு செய்த தொடர் அது. ஒன்பது மட்சில் ஐந்தை வெல்லவேண்டும். பொஸ்ரனுக்கு சை யங் எறிந்தார். இன்றைக்கும் வருடத்தின் சிறந்த பந்தெறிபவருக்குக் கொடுக்கிற விருது அவர் பேரில்தான். பிற்ஸ்பேர்க்கில் மற்றப் பந்தெறிபவர்களுக்குக் காயம், வருத்தம். ஃபிலிப்பி என்கிற ஒரே மனிதர் ஐந்து மட்சை முழுதாக எறிந்தார். பொஸ்ரன் ரசிகர்கள் ஒரு பாட்டை எடுத்து, எதிரணியின் பெரிய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னருக்கு எரிச்சல் வருகிற மாதிரிச் சொல்லை மாற்றி, மட்ச் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தார்கள். பொஸ்ரன் ஐந்துக்கு மூன்று என்று வென்றது. ஆனால் பிற்ஸ்பேர்க் உரிமையாளர் ட்றைஃபஸ் தன் பங்கையும் எடுத்து விளையாட்டுக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபடியால், வெண்டவையவிடத் தோத்தவையின்ர பொக்கற்றுக்குள்ளதான் கூடக் காசு போனது.

சரி, நன்றாகத் தொடங்கியாயிற்று, அடுத்த வருடமும் நடந்திருக்கும்தானே? இல்லை. 1904இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் தங்கள் லீக்கில் முதலாவது. அவர்களின் உரிமையாளர் பிறஷும் முகாமையாளர் மக்றோவும் அந்தப் புது லீக் எங்களுக்குச் சமமே இல்லை, நாங்கள் விளையாட மாட்டோம் என்றுவிட்டார்கள். முடிந்தது கதை. நாங்கள் இதை வாசித்துவிட்டு நிறையச் சிரித்தோம். எல்லாப் பெரிய விசயமும் உருப்படியாகத் தொடங்கினது என்று ஒரு நினைப்பு எங்களுக்கு இருக்கிறது. உலகத் தொடராம், இரண்டாவது வருசமே கோவத்தில நிண்டு போச்சாம். 1905இல் அதே ஜயன்ற்ஸ் மனம் மாறி வந்து வென்றது. மத்தியூசன் மூன்று மட்ச் எறிந்து, மூன்றிலும் ஒரு ஓட்டம்கூட விடவில்லை.

1919க்கு வருவோம். கொமிஸ்கியும் வருகிறார். நடுவரின் பிழைக்காக மைதானத்தை விட்டு வெளியேறின அதே ஆள், இப்போது சிக்காகோ வைற் சொக்ஸ் அணியின் முதலாளி. அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டுக்காரர் ஒரு கழகத்தில் கையெழுத்துப் போட்டால், கழகம் விடுகிற வரைக்கும் வேறு இடத்துக்குப் போக முடியாது. சம்பளம் முதலாளி சொல்கிறதுதான். சூதாட்டக்காரர்களின் காசுக்கு வைற் சொக்ஸ் ஆட்கள் தொடரைத் தோற்கச் சம்மதித்தார்கள். பந்தெறிபவர் சிக்கொற் தான் சந்தித்த முதல் ஆளுக்கே பந்தால் அடித்தார். சரி, ஒப்பந்தம் இருக்கு என்பதற்கு அதுதான் அடையாளமாம். சின்சினாட்டி ஐந்துக்கு மூன்று என்று வென்றது. 1921இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விட்டது. அடுத்த நாளே, பேஸ்போலுக்குப் புதிதாகப் போட்டிருந்த ஆணையாளர், நீதிபதி லாண்டிஸ், எட்டுப் பேரையும் ஆயுள் முழுக்கத் தடை செய்தார்.

எட்டுப் பேரில் இரண்டு பேரை வைத்து எங்களுக்குள் ஒரு நாள் முழுக்கச் சண்டை. ஜோ ஜக்சன் எழுத வாசிக்கத் தெரியாத மனிதர். 5,000 டொலர் வாங்கினதாக ஒத்துக்கொண்டவர். ஆனால் அந்தத் தொடரில் 12 அடி அடித்திருக்கிறார். பக் வீவர் ஒரு சதமும் வாங்கவில்லை. ஒழுங்கு நடக்கிறது என்று தெரியும், சொல்லவில்லை. அதுதான் அவருடைய குற்றம். 1956இல் சாகிற வரைக்கும் தன் பேரைத் துடைக்கச் சொல்லி மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எங்களில் மூத்தவளுக்கு, தெரிந்தும் வாய் திறக்காதவனுக்குத் தண்டனை சரி. கடைசிக்கு, தன்னோடு தினமும் சாப்பிடுகிறவர்களை யார் காட்டிக்கொடுப்பான், அதுவும் இந்த ஊரில் வளர்ந்த நீ கேட்கிற கேள்வியா இது என்று கோபம். அதுக்குப் பிறகு நாங்கள் பேஸ்போலைப் பற்றிக் கதைக்கவில்லை, வேறு ஆட்களைப் பற்றிக் கதைத்தோம். அதை இங்கே எழுதுகிற எண்ணம் இல்லை.

2025 மே மாதம், இப்போதைய ஆணையாளர் செத்துப்போனவர்களை அந்தத் தடைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார். ஆயுள் தடை ஆயுளோடு முடிகிறது என்ற கணக்கு. ஜக்சன் செத்தது 1951இல்.

ஆனால் இந்தப் பட்டியல்களில் தடை செய்யாமலே தடை செய்யப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். 1884இல் மோசஸ் ஃபிளீற்வூட் வோக்கர் என்ற கறுப்பினத்தவர் பெரிய லீக்கில் விளையாடினார். அதற்குப் பிறகு 1947 வரைக்கும் ஒருவரும் இல்லை. எழுதின சட்டம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் விளங்கின சட்டம். அப்ப அந்த அறுபது சொச்ச வருடமும் கறுப்பு விளையாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், தங்களுக்கென்று லீக் வைத்தார்கள். றூப் ஃபொஸ்ரர் என்கிற பந்தெறிபவர், முகாமையாளர், முதலாளி, எல்லாமும் அவர்தான், 1920இல் கன்சாஸ் சிற்றியில் கூட்டம் கூட்டி நீக்ரோ நஷனல் லீக்கைத் தொடங்கினார். 1924இல் அவர்களுடைய முதலாவது உலகத் தொடர். கன்சாஸ் சிற்றி மொனாக்ஸும் ஹில்டேலும். பத்து மட்ச், நாலு நகரம், ஒன்று சமநிலை. கடைசி மட்சுக்கு மொனாக்ஸின் முகாமையாளர், கியூபாக்காரர் ஹோசே மெண்டெஸ், தானே பந்தை எடுத்தார். ஹில்டேலுக்கு ஒரு ஓட்டமும் இல்லை. ஐந்துக்கு நாலு என்று மொனாக்ஸுக்குக் கிண்ணம்.

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இந்தப் பக்கங்களில்தான். 1942இல் மொனாக்ஸுக்கு சற்ஷல் பேஜ், ஹோம்ஸ்ரெட் கிறேய்ஸுக்கு ஜொஷ் கிப்சன். அந்தக் காலத்தின் பெரிய பந்தெறிபவரும் பெரிய அடிகாரரும், நேருக்கு நேர். 1946இல் நியூவார்க் ஈகிள்ஸ் வென்றது. அதன் உரிமையாளர்களில் ஒருவர் எஃபா மான்லி. பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் இருக்கிற ஒரே பெண் அவர்தான். 1948இல் கடைசித் தொடர். தோற்ற பேர்மிங்ஹாம் அணியில் 17 வயதுப் பெடியன் ஒருவன், வில்லி மேய்ஸ். அவன் பிறகு ஆராகினான் என்று பேஸ்போல் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் செத்துப்போனார். ஏப்ரலில் ஜக்கி றொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸுக்காக இறங்கினார். இடையில் மூன்று மாதம்.

2020 டிசம்பரில், அந்த லீக்குகளும் பெரிய லீக்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். 2024இல் கணக்குகளைச் சேர்த்தபோது ஜொஷ் கிப்சனின் சராசரி ஆயிரத்துக்கு 372 என்று வந்து, முதலாம் இடத்தில் காலங்காலமாக இருந்த ரை கொப் கீழே இறங்கினார். இந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்தது என்பதுதான் எங்களுக்குச் சுவாரசியம். பெரிய லீக்குக்கு இருந்த மாதிரி ஒழுங்கான பதிவு இவர்களுக்கு இருக்கவில்லை. சிக்காகோ டிஃபெண்டர், பிற்ஸ்பேர்க் கூரியர் மாதிரியான கறுப்பின மக்களின் பத்திரிகைகளில் வந்த ஓட்டப் பட்டியல்களை ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிச் சேர்த்தார்கள். எங்கட ஊர்க் கழகத்தின் பதிவுப் புத்தகம் இடம்பெயர்வில் துலைந்தது. 1980களில் எந்த வருடம் யார் கிண்ணம் வென்றது என்று அப்பாவும் சித்தப்பாவும் இன்றைக்கும் ஃபோனில் சண்டை பிடிக்கிறார்கள். எங்கட கழகம் ஒருக்கா வென்றது என்று சித்தப்பா, இரண்டு தரம் என்று அப்பா. எந்தப் பத்திரிகையில் போய்த் தேடுகிறது?

புரூக்ளினுக்கு வருவோம். "அடுத்த வருசம் பாப்பம்" என்பது உலகத்திலேயே புரூக்ளின்காரருக்குச் சொந்தமான வசனம். புரூக்ளின் அணி 1955க்கு முன்னம் ஏழு தரம் வேர்ல்ட் சீரீஸ் வந்து ஏழு தரமும் தோற்றது. அதில் ஐந்து தரம், 1941, 47, 49, 52, 53, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நியூயோர்க் யாங்கீஸிடம். (யாங்கீஸ் மொத்தம் 27 கிண்ணம் எடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.) ஒவ்வொரு முறையும் தோற்ற பிறகு ரசிகர்கள் சொல்கிறது அதுதான், அடுத்த வருசம் இருக்கட்டும் என்று.

1955இல் திரும்பவும் யாங்கீஸ், திரும்பவும் ஏழாவது மட்ச் வரைக்கும். அக்டோபர் 4. ஜொனி பொட்றஸ் என்ற பெடியன் பந்தெறிகிறான். நாலு நாளைக்கு முன்னம்தான் 23 வயது முடிந்தது. ஆறாவது இன்னிங்ஸில் புரூக்ளின் இரண்டுக்குப் பூச்சியம் என்று முன்னுக்கு நிற்கிறது. யாங்கீஸுக்கு இரண்டு பேஸில் ஆள். யோகி பெரா அடித்த பந்து இடது மூலைக் கோட்டை ஒட்டிப் போகிறது. அங்கே அந்த இன்னிங்ஸுக்குத்தான் புதிதாக அனுப்பியிருந்த கியூபாக்காரர் சன்டி அமொறோஸ், முழு ஓட்டம் ஓடிக் கையை நீட்டுகிறார். அவர் இடதுகைக்காரர், ஆகவே கையுறை வலது கையில். வலதுகைக்காரராக இருந்திருந்தால் எட்டியிருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிடித்து, திருப்பி எறிந்து, இன்னொருவரும் அவுட். இரண்டுக்குப் பூச்சியம் என்றே மட்ச் முடிந்தது. புரூக்ளின் முதல் தடவையாகக் கிண்ணம் எடுத்தது.

அந்த ஏழாவது மட்சில் ஜக்கி றொபின்சன் இறங்கவில்லை. முதலாவது மட்சில் வீட்டுத் தட்டையே களவாக ஓடிப் பிடித்தவர், கடைசி மட்சுக்குக் காயத்தால் வாங்கில் இருந்தார். எட்டு வருடமாக அந்த அணிக்காகத் திட்டு வாங்கினவர். நாங்கள் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிற்போம்.

பிறகு? இரண்டு வருடம் கழித்து, 1957 பருவம் முடிய, முதலாளி அணியைத் தூக்கிக்கொண்டு லொஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். மைதானத்தை இடித்து மாடி வீடு கட்டினார்கள். அத்தனை வருசமாகக் காத்திருந்த அடுத்த வருசம் ஒருக்கால் வந்தது. வந்த கையோடு அணியே இடம்பெயர்ந்தது. ரொறன்ரோவில் அந்தச் சனி இரவு கிண்ணம் தூக்கினது அந்த அணிதான், அதே டொட்ஜர்ஸ். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புரூக்ளின் கிழடுகள் ஆரும் உயிரோட இருந்தா, அவையள் இப்ப ஆற்ற பக்கம்?" என்று கேட்டார். எங்களுக்கு மறுமொழி தெரியவில்லை.

காத்திருந்தவர்களின் பட்டியல் பெரிசு. பொஸ்ரன் 1918க்குப் பிறகு 2004 வரை, 86 வருடம். பேப் றூத்தை யாங்கீஸுக்கு விற்ற பாவம் என்று கதை கட்டினார்கள். சிக்காகோ கப்ஸ் 1908க்குப் பிறகு 2016 வரை, 108 வருடம். அதற்கு ஒரு ஆட்டின் சாபம் என்று கதை. அணி சரியில்லை என்று ஒத்துக்கொள்கிறதைவிட ஆட்டில் பழி போடுகிறது சுகம். ஆனால் எங்களுக்குப் பிடித்தது மொன்றியலின் கதை. சித்தப்பாவோடு போன சிநேகிதர் ஒருவர் மொன்றியலில் இருக்கிறார், அவர் சொன்னது. இரண்டு உலக யுத்தமும் நிறுத்தாத வேர்ல்ட் சீரீஸை 1994இல் சம்பளச் சண்டை நிறுத்தியது. ஆகஸ்டில் விளையாட்டுக்காரர் வேலைநிறுத்தம், செப்டம்பரில் மிச்சம் எல்லாம் ரத்து. நிறுத்தின நாளில் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிக்கும் மேலே நின்றது மொன்றியல் எக்ஸ்போஸ். அடுத்த வருசம் பாப்பம் என்று அவர்களும் சொன்னார்கள். காசில்லாமல் நல்ல ஆட்களை விற்று, 2005இல் அணியே வொஷிங்டனுக்குப் போய், அங்கே 2019இல் கிண்ணம் எடுத்தது. சித்தப்பாவின் சிநேகிதர் எக்ஸ்போஸ் தொப்பியைத்தான் இன்னும் போடுகிறார். இல்லாத அணிக்கு என்னத்துக்குத் தொப்பி என்று கேட்டால், "இல்லாத ஊருக்கெல்லாம் நாங்கள் சங்கம் வச்சிருக்கிறம்" என்பாராம்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிபோல் சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்தோம். அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. இன்னும் ரீவிக்கு முன்னால்தான் இருந்தார், சத்தத்தைக் குறைத்துவிட்டு. மகன் கோபத்தில் படுக்கப் போய்விட்டானாம். மச்சானுக்கு 1993 தெரியாது. அவன் பிறந்த பிறகு ரொறன்ரோ ஒருக்காலும் வெல்லவில்லை.

என்ன கதைக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்பம்மாவின்ர திவசம் இந்த முறை எப்ப வருகுது என்று கேட்டார். சொன்னோம். ரிக்கற் விலை பார்த்தவராம். வாறன் என்றும் சொல்லவில்லை, அடுத்த வருசம் என்றும் சொல்லவில்லை.

"அந்தக் கையுறை கிடக்கோ?"

"கிடக்கு. விரலுக்க எலி கடிச்சிட்டுது."

"எண்ணெய் பூசி வையுங்கோ. தோல் வெடிச்சிடும்."

பிறகு, மணிக்கூட்டை மாற்ற வேண்டும் என்றார். அன்றைக்கு இரவு இரண்டு மணிக்கு கனடாவில் ஒரு மணித்தியாலத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். நாளையிலிருந்து உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியாலம், ஃபோன் எடுக்கிறதெண்டால் பார்த்து எடுங்கோ என்று சொல்லிவிட்டு வைத்தார்.